ஒன்பதாம் கம்பத்து நீல விளக்கு

செவ்வாய், இரவு 10.40

பத்து மணிக்கு இவளுக்கு இங்கே என்ன வேலை?

யாரும் வாய்திறந்து கேட்பதற்கு முன்பே பெண் இன்ஸ்பெக்டரின் மனதுக்குள் அந்தக் கேள்வி எழுந்துவிட்டது. சுரங்கப்பாதையின் இருபத்திரண்டு படிகளுக்குக் கீழே, ஒரு செருப்பு காலிலும் இன்னொன்று நான்காம் படியிலுமாகக் கிடந்த பெண்ணைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அந்தக் கேள்விதான். அது தன் குரல் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அம்மாவின் குரல், பெரியப்பாவின் குரல், பள்ளிக்கூட வாத்தியாரின் குரல் எல்லாம் சேர்ந்து உள்ளே குடியேறி, வாடகையும் கொடுக்காமல், நேரம் பார்த்து வாயைத் திறக்கின்றன. காக்கிச் சட்டை போட்டுப் பதினெட்டு வருடம் ஆகியும் காலி செய்யவில்லை. அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"பத்து மணிக்கு இந்தப் பொண்ணுக்கு இங்க என்ன வேலை மேடம்?" என்றார் ஏட்டு.

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வேலை."



இறந்தவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பையில் ஒரு மருந்துக்கடையின் பச்சை மேலங்கி மடித்து வைக்கப்பட்டிருந்தது. காலி டிபன் பாக்ஸ். பஸ் பாஸ். உடைந்துபோன ஒரு பழுப்புநிற இருமல் மருந்து பாட்டில். பணம் அப்படியே இருந்தது.

இன்ஸ்பெக்டர் படியேறி மேலே வந்தாள். நகரத்தின் நடுச் சதுக்கம் பட்டப்பகல் போல் எரிந்துகொண்டிருந்தது. எட்டு மாதமாக அதற்கென்றே ஒரு திட்டம். இரவில் யாரும் பயமில்லாமல் நடக்கலாம், வரலாம், உட்காரலாம் என்று புது விளக்குகள், பளிங்கு இருக்கைகள், ஒரு நீரூற்று. நாலு மூலையிலும் பலகை: 'இரவும் நமதே.' இருக்கைகளில் ஒரு ஈ காக்கை இல்லை. வெளிச்சம் ஆளில்லாத இடத்தில் விழும்போது இருட்டை விடப் பயமாக இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

படியின் தலைமாட்டிலேயே ஓர் உதவிக் கம்பம் நின்றது. நெஞ்சளவு உயரம், உச்சியில் நீல விளக்கு. ஒன்பது என்று எண். சிவப்புப் பொத்தானுக்கு மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. 'ஆபத்தா? மூடியை உடைத்து அழுத்துங்கள். உதவி வரும்.' படிக்கக் குனிந்தபோது மூடியில் அவளுடைய முகமே துல்லியமாகத் தெரிந்தது. களைத்த முகம். பிடிக்காமல் நிமிர்ந்தாள்.

"கேமரா?"

"இருக்கு மேடம். ஆனா படியைப் பாக்கல, நீரூற்றைப் பாக்குது. போட்டோ அழகா வரணும்னு திருப்பி வச்சாங்களாம்." ஏட்டு பெருமூச்சு விட்டார். "தண்ணி எங்கயும் ஓடிடக் கூடாதுன்னு காவல் போல."

"முதல்ல பார்த்தது யாரு?"

"பழவண்டிக்காரன். இந்தப் பொண்ணோட பை கையுமா நின்னிருக்கான். இந்தப் பக்கத்துக் காவலாளி பிடிச்சு, அவர் அறையிலயே போட்டுப் பூட்டிட்டு நமக்குப் போன் பண்ணாரு. கேஸ் முடிஞ்ச மாதிரிதான்."

இரவு 10.55

காவலாளியின் அறை சதுக்கத்தின் ஓரத்தில், வாகன நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. ஒரு மேஜை, ஒரு டார்ச், ஆணியில் மழைக்கோட்டு. மூலையில் 'உதிரி மூடிகள்' என்று எழுதிய அட்டைப்பெட்டி. காவலாளிக்கு நாற்பது வயது, சட்டை கசங்கவில்லை. எழுந்து நின்று வணக்கம் வைத்தான்.

"பத்து மணிக்கு எங்க இருந்தே?"

"கம்பம் சோதனை மேடம். தினமும் பத்து மணிக்குச் செய்யணும். எனக்கு நாலு கம்பம். பன்னெண்டுல தொடங்கி ஒன்பதுல முடிப்பேன்."

"எப்படிச் சோதிப்பே?"

"கம்பத்து முதுகுல சாவித் துளை இருக்கு. வலது பக்கம் திருப்பினா கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகும், நீல விளக்கு சுத்தும். இடது பக்கம் திருப்பினா அணையும்."

"யாராவது பொத்தானை அழுத்தினா?"

"அப்பவும் அதேதான். சாவி போட்டாத்தான் அணையும், இல்லேன்னா விடிய விடிய சுத்தும். இந்த நாலு கம்பத்துக்கும் சாவி என்கிட்ட மட்டும்தான்." சாவிக்கொத்தைப் பெருமையாக ஆட்டிக் காட்டினான்.

"ஒன்பதாம் கம்பத்துக்கு எப்ப வந்தே?"

"பத்து ஆறு. கட்டுப்பாட்டு அறைப் பதிவைப் பாருங்க. திருப்பினேன், சுத்துச்சு, அணைச்சேன், கிளம்பிட்டேன்."

"படியில ஆள் இருந்தாங்களா?"

"ஒரு ஜீவன் இல்ல மேடம். பத்து பன்னெண்டுக்கு சத்தம் கேட்டு ஓடி வந்தேன். இவன் பையோட நிக்கிறான். பாவம், அந்தப் பொண்ணு கொஞ்சம் புத்தியா பொத்தானை அமுக்கியிருந்தா நான் பறந்து வந்திருப்பேன்."

புத்தி. அந்தச் சொல் அவளுக்குள் எங்கேயோ முள்ளாகத் தைத்தது.

அவனை வெளியே அனுப்பிவிட்டு, பூட்டிய உள்ளறையிலிருந்து பழவண்டிக்காரரை அழைத்து வரச்சொன்னாள். ஐம்பது வயது மனிதர், கன்னத்தில் அறைந்த தடம்.

"பையை ஏன் எடுத்தீங்க?"

"நடுப்படியில கிடந்துச்சும்மா. கீழ பார்த்தா இந்தப் பொண்ணு கிடக்குது. பையில போன் இருக்குமா, வீட்டுக்குச் சொல்லலாமான்னு..."

"இந்தப் பொண்ணைத் தெரியுமா?"

"தெரியாமலா? முன்னாடி என் வண்டி படிகிட்டதான் நிக்கும். தினம் ரெண்டு வாழைப்பழம் வாங்கும். 'கசங்கினதை என் தலையில கட்டாதீங்கண்ணே'ன்னு சொல்லும். பொண்ணுங்க எல்லாம் என் வண்டிகிட்ட நின்னுட்டு, அந்தப் பக்கம் பஸ் வர்ற சத்தம் கேட்ட பிறகுதான் இறங்கும். திட்டம் வந்ததும் அழகு கெடுதுன்னு வண்டிகளை விரட்டிட்டாங்க. இப்ப பஸ் நிலையம் பக்கம் நிக்கிறேன். வண்டியை அங்க பூட்டி வச்சுட்டு, வீட்டுக்குப் போக இந்த வழியா வந்தேன்."

"ஒன்பதாம் கம்பம் பக்கத்துலயே இருக்கு. ஏன் அழுத்தல?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "எங்களை மாதிரி ஆளு அமுக்குனா விளையாட்டுக்கு அமுக்குனான்னு அபராதம்மா. போன மாசம் ஒருத்தன் வண்டியவே தூக்கிட்டுப் போனாங்க. அதான் தொண்டை கிழியக் கத்தினேன்."

"நீங்க வந்தப்ப நீல விளக்கு சுத்திக்கிட்டு இருந்துச்சா?"

"இல்லம்மா. சுத்தியிருந்தா தூரத்துலயே தெரிஞ்சிருக்குமே."

புதன், காலை 9.30

"விழுந்ததுல தலை அடிபட்டு இறந்திருக்காங்க. ஆனா தானா விழல," என்றார் மருத்துவர். "இடது மேல்கையில நாலு விரல் தடம். யாரோ இறுக்கிப் பிடிச்சு உதறியிருக்காங்க."

"வேற?"

"வலது கட்டைவிரல். நுனி கன்றிப் போயிருக்கு, எதையோ அழுத்தி அழுத்தி. அதுக்குள்ள ஒரு சில்லு ஏறியிருந்தது."

சிறு பொட்டலத்தை நீட்டினார். ஏட்டு எட்டிப் பார்த்தார். "மருந்து பாட்டில் உடைஞ்சிருக்குல்ல மேடம், அதான்."

நகத்தளவு சில்லு. மங்கலான மஞ்சள். இன்ஸ்பெக்டர் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

முற்பகல் 11.00

ஒற்றை அறை வீட்டில் உறவினர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஓட்டும் கணவன் வழியில் இருந்தான். வந்துசேர இன்னும் ஒரு நாள் ஆகும். மாமியார் நடுவில், அழாமல், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"ராத்திரி வேலைக்கு மருமகளை அனுப்பலாமா, நாம என்ன பட்டினியா கிடக்குறோம்," என்று ஒரு கிழவர் யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"நான்தான் அனுப்பினேன்!" மாமியார் திரும்பினாள். "படிச்ச பொண்ணு. வீட்டுல உக்காந்து அரிசியில கல்லு பொறுக்கவா கூட்டிக்கிட்டு வந்தேன்? கொன்னவன் எவனோ ஊருக்குள்ள நடமாடுறான். அவனை ஏன் பத்து மணிக்கு வெளிய வந்தேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? அவன் அம்மாவை ஏன் அனுப்பினேன்னு கேட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். நேற்று பத்து நாற்பதுக்கு அவளே அந்த வரிசையில்தான் நின்றிருந்தாள்.

"அவங்களுக்கு யார் மேலயாவது பயம் இருந்ததாம்மா?"

"பயம்னு இல்ல, எரிச்சல். ஒருத்தன் தினமும் படி வரைக்கும் பின்னாடியே வர்றானாம். துணைக்கு வர்றேன், துணைக்கு வர்றேன்னு. வேண்டாம்னாலும் விடல. போன வாரம் திட்ட ஆபீசுக்குப் புகார் எழுதினா. என் முன்னாடிதான் எழுதினா."

"யாருன்னு சொன்னாங்களா?"

"எழுதினா. என்கிட்ட சொல்லல. 'சொன்னா நீங்க கல்லைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவீங்க அத்தை'ன்னு சிரிச்சா." அப்போதுதான் அவள் குரல் முதன்முதலாக உடைந்தது. "நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன். எதுனா ஆச்சுன்னா அந்தப் பொத்தானை அமுக்கு, ஆள் வர்ற வரைக்கும் விடாம அமுக்குன்னு. ஏம்மா அமுக்காம விட்டா? சொன்ன பேச்சு கேக்குற பொண்ணாச்சே."

இன்ஸ்பெக்டரின் கை சட்டைப்பையில் இருந்த பொட்டலத்தைத் தொட்டது. கன்றிப்போன கட்டைவிரல். அவளுக்குப் பதில் பாதி தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மதியம் 1.00

திட்ட அதிகாரியின் அறையில் சதுக்கத்தின் சிறு மாதிரி வடிவம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதில் குட்டிக் குட்டிப் பெண்கள் இரவில் சிரித்தபடி நடந்தார்கள்.

"புகாரா? அப்படி எதுவும் என் கவனத்துக்கு வரலையே," என்றார் அதிகாரி. "பழவண்டிக்காரன் மேல குற்றப்பத்திரிகை வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா நல்லா இருக்கும் மேடம். சாயங்காலம் இரண்டாம் கட்டத் தொடக்க விழா. வண்டிகளை ஏன் அகற்றினோம்னு இப்ப மக்களுக்கே புரியும்."

"அவர் பணத்தைத் தொடவே இல்ல சார்."

"உங்க தோளைக் கொஞ்சம் குடுங்க மேடம். எட்டு மாச உழைப்பு. பொண்ணுங்களுக்காகச் செஞ்சது."

வெளியே வந்தபோது தங்கையிடமிருந்து அழைப்பு. அச்சகத்தில் வேலை.

"அக்கா, இன்னைக்கு ஒன்பதரை ஆகும்."

"அவ்வளவு நேரம் எதுக்கு? சீக்கிரம் கிளம்புன்னு எத்தனை தடவை..."

"நீ போலீசா, ஹாஸ்டல் வார்டனா? ரோட்டை ஒழுங்கா வைக்கிறது உன் வேலை. அதைச் செய்ய முடியலன்னா என்னைப் பூட்டி வைக்கிறே."

தங்கை போனை வைத்துவிட்டாள். கோபப்படலாம் என்று பார்த்தால், கோபப்படுவதற்கு அதில் பொய்யாக ஒரு சொல்கூட இல்லை.

இரவு 9.50

கட்டுப்பாட்டு அறையில் ஓர் இளம் பெண், பெரிய திரைக்கு முன்னால். இருபத்துநான்கு கம்பங்களும் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன.

"நேத்து ராத்திரிப் பதிவு வேணும்."

அவள் தாளை எடுத்துக் கொடுத்தாள். ஒன்பதாம் கம்பம், 10.06, சோதனை, சரி. அன்று இரவு அந்தக் கம்பத்துக்கு வேறு அழைப்பே இல்லை. காவலாளி சொன்னது எழுத்துப் பிசகாமல் இருந்தது.

பத்து மணி நெருங்கியபோது அந்தப் பெண் இயல்பாகக் கையை நீட்டி ஒலிக் குமிழைத் திருகிப் பூஜ்யத்தில் வைத்தாள்.

"ஏன்?"

"பத்து மணிக் கச்சேரி மேடம்." சிரித்தாள். "இருபத்துநாலு கம்பமும் வரிசையா அலறும். முதல் வாரம் காதே போயிடுச்சு. இப்ப ஒலியைக் குறைச்சிட்டு 'சரி' மட்டும் போட்டுடுவோம். பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்."

புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அவள் விரல் தட்டிக்கொண்டே போனது. சரி. சரி. சரி. சத்தமே இல்லை. நகரத்தின் இருபத்துநான்கு வாய்கள் திறந்து மூடின. கேட்க ஒரு காது இல்லை.

"எடுத்துப் பேச மாட்டீங்களா?"

"சோதனைதானே மேடம். எல்லாக் காவலாளிங்களுக்கும் தெரியும், பத்து மணிக்கு நாங்க எடுக்க மாட்டோம்னு."

"அவங்களுக்குத் தெரியும்."

"ஆமா..."

"கம்பத்தை எத்தனை தடவை அழுத்தினாங்கன்னு எந்திரத்துல இருக்குமா?"

"உள்ளே இருக்கும். யாரும் பாக்குறதில்ல." அந்தப் பெண் தட்டினாள். நேற்றைய பட்டியல் விரிந்தது. கம்பம் எட்டு, ஒன்று. கம்பம் பத்து, ஒன்று. கம்பம் பதினொன்று, ஒன்று. சாவியைத் திருப்பினால் ஒன்றுதான்.

கம்பம் ஒன்பது: முப்பத்தெட்டு நொடியில் பதினொன்று.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "நான்... 'சரி'ன்னு போட்டேன் மேடம்," என்றாள். "நான்தான் போட்டேன்."

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தாள். அறையைவிட்டு இறங்கி, ஆளில்லாத சதுக்கத்தின் வழியே நடந்தாள். விரல்களுக்கிடையில் வீட்டுச் சாவியைக் கூராகப் பிடித்திருப்பதைப் பாதி வழியில்தான் கவனித்தாள். பதினாறு வயதிலிருந்து வரும் பழக்கம். துப்பாக்கி இடுப்பில் இருந்தும் கை சாவியைத்தான் தேடுகிறது.

பத்தாம் கம்பத்தின் முன் நின்றாள். பொட்டலத்தைப் பிரித்து அந்தச் சில்லை வளைத்தாள். கண்ணாடி உடையும், இது வளைந்தது. பிறகு மூடியைக் குனிந்து பார்த்தாள். எட்டு மாத வெயிலில் மஞ்சளடித்திருந்த மூடியில் முகமே தெரியவில்லை.

பதினொன்றிலும் தெரியவில்லை. பன்னிரண்டிலும் தெரியவில்லை.

ஒன்பதில் மட்டும் தன் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

வியாழன், காலை 10.00

ஒன்பதாம் கம்பத்தைச் சுற்றி ஐந்து பேரை நிற்க வைத்திருந்தாள். திட்ட அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் கண்கள் வீங்கியிருந்தன. ஏட்டுக்குப் பக்கத்தில் விலங்கோடு பழவண்டிக்காரர். காவலாளி விறைப்பாக நின்றான்.

"இந்தக் கேஸ்ல எல்லாரும் சொன்னது ஒண்ணுதான். அந்தப் பொண்ணு பொத்தானை அழுத்தல, அழுத்தியிருந்தா பிழைச்சிருப்பா," என்றாள் இன்ஸ்பெக்டர். குரல் உயரவில்லை. "அவ அழுத்தினா. ஒரு தடவை இல்ல, பதினோரு தடவை. மூடியை உடைச்சு, சில்லு விரல்ல ஏறின பிறகும் விடாம அழுத்தினா. அதைத்தான் இந்த ஊர் 'சோதனை, சரி'ன்னு எழுதி வச்சது."

திட்ட அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டினாள்.

"இந்த மூடி புதுசு. மத்ததெல்லாம் மஞ்சள். உடைஞ்சதை யாரோ மாத்தியிருக்காங்க, நான் வர்றதுக்கு முன்னாடி. உதிரி மூடிப் பெட்டி இருந்தது காவலாளி அறையில."

"ஆளு உடைச்சா மாத்தணும்கிறது விதி மேடம்," என்றான் காவலாளி. "இவனே உடைச்சிருப்பான்." பழவண்டிக்காரரைக் காட்டினான். "நான் பத்து ஆறுக்குச் சோதிச்சுட்டுப் போன பிறகு அந்தப் பொண்ணு வந்து அமுக்கியிருக்கலாம், எனக்கென்ன தெரியும்?"

"போன பிறகு அமுக்கியிருந்தா ரெண்டாவது அழைப்பு பதிவாகியிருக்கும். ஆகல. பத்து ஆறுக்கு இருக்கறது ஒரே ஒரு அழைப்பு, பதினோரு அழுத்தல். சாவியைப் பதினோரு தடவை திருப்பினியா?"

அவன் கை சாவிக்கொத்தை இறுக மூடியது.

"நீ அன்னைக்குச் சோதிக்கவே இல்ல. அவ போட்ட கூக்குரல்ல உன் கையெழுத்தைப் போட்டுக்கிட்டே."

"சரி மேடம், ஒத்துக்கிறேன்." அவன் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "சோம்பேறித்தனம். மூணு கம்பத்தோட நிறுத்திட்டேன், ஒன்பதுக்கு வரவே இல்ல. பதிவைப் பார்த்ததும் நம்ம வேலை தப்பிச்சுதுன்னு இருந்துட்டேன். அதுக்குத் தூக்குல போடுவீங்களா?"

ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இது நம்பக்கூடிய பொய்.

"நல்லது. ஒன்பதுக்கு நீ வரவே இல்ல." அவள் கம்பத்தின் உச்சியைக் காட்டினாள். "அவ அழுத்தினதும் இந்த நீல விளக்கு சுத்தத் தொடங்கியிருக்கும். சாவி போட்டாத்தான் அணையும், இல்லேன்னா விடிய விடிய சுத்தும். நீதான் சொன்னே. பத்து பன்னெண்டுக்கு இவர் வந்தப்ப விளக்கு சுத்தல. பத்து ஆறுக்கும் பத்து பன்னெண்டுக்கும் நடுவுல யாரோ இங்க நின்னு, சாவியைப் போட்டு, இடது பக்கம் திருப்பி அணைச்சிருக்காங்க. கீழ அவ கிடக்கும்போது. இந்தக் கம்பத்துச் சாவி யார்கிட்ட இருக்குன்னும் நீதான் சொன்னே."

நீரூற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தக் கேமரா," என்று அவள் திரும்பிப் பார்த்தாள். "பொண்ணுங்க நடக்குற படியை விட்டுட்டு தண்ணியைக் காவல் காக்குதே, அது. பத்து இருபத்தொண்ணுக்கு நீ நீரூற்றுல எதையோ வீசுறது அழகா விழுந்திருக்கு. உடைஞ்ச மூடி தண்ணியில தெரியாதுன்னு நினைச்சே. ஏட்டு காலையில முழங்கால் தண்ணியில இறங்கிப் பொறுக்கிட்டாரு."

ஏட்டு நனைந்த கால்சட்டையைப் பார்த்துக்கொண்டார். "ஜலதோஷம் பிடிக்கப் போகுது மேடம். ஆனா பரவால்ல."

காவலாளியின் விறைப்பு அவிழ்ந்தது. "பேசத்தான் போனேன்," என்றான். "புகாரை வாபஸ் வாங்குன்னு கேக்கத்தான். துணைக்கு வர்றது தப்பா? என் வேலைக்கே உலை வச்சா. பேசிட்டிருக்கும்போதே மூடியை உடைச்சு அமுக்கறா. அமுக்கு, பத்து மணிக்கு எவனும் எடுக்க மாட்டான்னு சொன்னேன். நிறுத்தவே இல்ல. கையைப் பிடிச்சு இழுத்தேன், உதறினா... விழுந்துட்டா."

"பத்து மணிக்குத்தான் பேசணும்னு எப்படித் தோணுச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். இந்த நகரம் எப்போது செவிடு என்பது அவனுக்குத் தெரியும்.

"அவ புகார் குடுத்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"லெட்டரே வந்துச்சே மேடம்." அவன் நிமிர்ந்தான், நியாயம் தன் பக்கம் இருப்பதுபோல். "ஆபீஸ்ல இருந்து. விளக்கம் எழுதிக் குடுன்னு. அவ பேரு, கடை, கிளம்புற நேரம் எல்லாம் அதுல இருந்துச்சு. அடியில சாரோட கையெழுத்து."

எல்லோரும் திட்ட அதிகாரியைப் பார்த்தார்கள்.

"நடைமுறை அது," என்றார் அவர். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "இரு தரப்பையும் கேக்கணும்ல?"

இன்ஸ்பெக்டருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்தப் பளிங்கு இருக்கையை, அந்தப் பலகையை, பெட்டிக்குள் சிரிக்கும் குட்டிப் பெண்களை எல்லாம் வாரி அந்த ஆளின் மேஜைமேல் கொட்ட வேண்டும் போலிருந்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் 'உணர்ச்சிவசப்படுறாங்க' என்பார்கள். அந்தச் சௌகரியத்தை அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

"அந்த லெட்டரும் என் அறிக்கையில வரும் சார்," என்றாள். "உங்க கையெழுத்தோட."

பழவண்டிக்காரரின் விலங்கை ஏட்டு கழற்றினார். அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "என் வண்டி எங்க சார்? பஸ் நிலையத்துல இல்லையாமே."



வெள்ளி, மாலை 6.30

விழா நடந்தது. தள்ளிவைக்க முடியாத அளவுக்கு அழைப்பிதழ்கள் போய்விட்டன என்றார்கள். நீரூற்றுக்குச் சிவப்பு விளக்குப் போட்டிருந்தார்கள். கேமரா இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. விரட்டப்பட்ட வண்டிகள் திரும்பி வரவில்லை. கயிற்றுக்கு அந்தப்பக்கம், யாரும் அழைக்காமல் வந்து, முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தாள் மாமியார்.

நேற்று இரவே இன்ஸ்பெக்டர் அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். "அமுக்கினாங்கம்மா," என்று மட்டும் சொன்னாள். "நீங்க சொன்ன மாதிரியே. விடாம." மாமியார் கேட்டாள்: "எத்தனை தடவை?" சொன்னாள். அந்த எண்ணை மாமியார் உதட்டை அசைத்து ஒருமுறை எண்ணிப் பார்த்தாள், ஒன்றிலிருந்து.

"இப்போது," என்று ஒலிபெருக்கியில் திட்ட அதிகாரியின் குரல் குழைந்தது, "குற்றவாளியை இரண்டே நாளில் பிடித்த நம் பெண் இன்ஸ்பெக்டர், ஒன்பதாம் கம்பத்தின் பொத்தானை அழுத்துவார். இருபதே விநாடியில் உதவி வருவதை நீங்களே பார்க்கலாம்!"

கைதட்டல். புகைப்படக்காரர்கள் முன்னால் நகர்ந்தார்கள். மூடியை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார்கள். சிவப்புப் பொத்தான் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு கட்டைவிரலின் தடம்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் கம்பத்தின் முன் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு தடவை மேடம்," என்று அதிகாரி பல்லைக் காட்டியபடி காதருகே சொன்னார். "சும்மா, சோதனைக்குத்தான்."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் சார்."

"எல்லாரும் பாக்குறாங்க. ஏன் மேடம், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார்," என்றாள் மெதுவாக. "இப்ப இங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதனாலதான்."